சீட்டுக் குலுக்கலும் மனச்சாட்சியும்

உயிருக்குப் போராடும் ஒருவருக்கு எந்த மருந்தைக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாமா? முற்றிய புற்றுநோய்க்குப் புதிய மருந்துகளைச் சோதிக்கும் பெரிய ஆய்வுகளில் ஏறக்குறைய இதுவே நடைபெறுகிறது. ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்து. மறு பிரிவினருக்கு வழக்கமான மருந்து. யாருக்கு எது என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுப்பதில்லை, நோயாளியும் தேர்ந்தெடுப்பதில்லை. கேட்ட மாத்திரத்தில் இரக்கமற்ற செயலென்று நம் உள்ளம் கொதிக்கிறது.

ஆயினும் சற்றே சிந்திப்போம். 1990-களில் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய் உடலெங்கும் பரவிய பெண்களுக்கு மிகக் கடுமையான அளவில் மருந்து செலுத்தி, பின்னர் அவர்களிடமிருந்தே எடுத்துவைத்த எலும்பு மஜ்ஜை அணுக்களைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை பரவிற்று. மருந்து கூடினால் ஆயுளும் கூடும் என்று பலரும் நம்பினர். சீட்டுக்கு உடன்பட மனமின்றி, ஆய்வுக்கு வெளியே அதனைப் பெற்றோர் பலர். செலவை ஏற்க மறுத்த காப்பீட்டு நிறுவனங்கள்மீது வழக்குகளும் தொடுக்கப்பட்டன. 2000-இல் வெளியான ஆய்வு கூறியது என்ன? மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர், கடுஞ்சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 38 பேர். பட்ட வேதனைக்குப் பலன் கிட்டவில்லை. இரக்கம் எனக் கருதிச் செய்தது இரக்கமாய் முடியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெமுராஃபெனிப் என்னும் மாத்திரை, முற்றிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோயுடைய 675 பேரிடம் பழைய மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. முந்தைய சிறு ஆய்விலேயே பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. அதன் பின்னரும் சீட்டுக் குலுக்குவது முறையா என்று மருத்துவர்களே வாதிட்டனர். ஆறு மாத முடிவில் உயிரோடிருந்தோர் புதிய மருந்துப் பிரிவில் 84 விழுக்காடு. பழைய மருந்துப் பிரிவில் 64. வேறுபாடு தெளிவானதும், 2011 ஜனவரியில், பழைய மருந்து பெற்றவர்களுக்கும் புதியதை வழங்கலாமென வழி திறக்கப்பட்டது. அதற்குள் காலம் முடிந்துபோனவர்களின் குடும்பத்தாருக்கு நாம் என்ன ஆறுதல் கூற இயலும்?

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. எது நல்லதென்று உண்மையிலேயே தெரியாதவரை, சீட்டு அநீதியன்று. அது நம் அறியாமையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் நேர்மையாகும். தெரிந்த பின்னும் தெரியாததுபோல் நடிப்பதே அநீதி.

நோயாளி தம் உடலை மருத்துவரிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார். இம்மருந்து தமக்குப் பயன்படாமலும் போகலாம், தமக்குப் பின் வருவோர்க்கே பயன்படலாம் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிட வேண்டும். அதனைக் கேட்டபின் அவர் மனமுவந்து சம்மதித்தால், அது முகமறியாத ஒருவருக்கு அவர் வழங்கும் கொடையாகும். சொல்லாமல் பெற்றால் அது கொடையன்று. அமானிதத்தில் செய்த மோசடியேயாகும்.