பருவ அறிவும் உயிரிரக்கமும்

புள்ளும் மரமும் பெயரறிந்து நோக்குதல் பாசஞானமேயாதலின், வீடுபேறு வேண்டுவார்க்கு அஃது எற்றுக்கு என வினவுவாருளர். அவ்வினா ஆராயற்பாலது.

சோழநாட்டுக் குளங்கள் கோடையில் வற்றுங்கால் அல்லிக் கிழங்கும் தவளையும் சேற்றுள் ஒடுங்கும். காவிரிப் புதுநீர் வர மீளத் தோன்றும். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்ய, 1967-இல் சரணாலயமாகிய கோடிக்கரையிலும், 1999-இல் அங்ஙனமாகிய வடுவூர் ஏரியிலும் சேய்மைப் புட்கள் வந்திறங்கும். தோற்றம் நிலை இறுதிகளையுடைய உலகு ஒரு முதல்வனை உடைத்தென மெய்கண்டதேவர் சிவஞானபோத முதற் சூத்திரத்து நிறுவினார். ஒடுங்கியது மீளத் தோன்றுமென்னும் அவ்வுண்மைக்கு வற்றிய குளமே ஆண்டுதோறும் காணும் உவமையாம்.

அன்றியும், உயிர்கள் வினைக்கீடாக எழுவகைப் பிறப்பினும் உழல்வன என்பது சித்தாந்தத் துணிபு. திருமறைக்காட்டில் விளக்குத் தூண்டிய எலி மாவலியாய்ப் பிறந்தமையைத் தலபுராணம் கூறும். எனவே, நாரையும் மரமும் மக்களோடு ஒத்த பசுக்களேயாம்.

அற்றேல், பெயரும் இயல்பும் அறியாதவழியும் இரங்கலாமே எனின், அவ்விரக்கம் சொல்லளவாய் ஒழியும். நத்தைகுத்தி நாரையின் உணவு வயல் நத்தையென அறியாதான், பயிருக்கு நஞ்சு தெளிக்குங்கால் அதன் இரையும் நஞ்சாதலை எண்ணான். அது வாராதொழியினும் உணரான். பயிர் காத்தல் உழவர் கடனே. வேண்டுமளவின் மிக்க கொலையோ வினையாய் வந்து பற்றும்.

பொருளளவில் நின்றுவிடும் அறிவே பாசஞானம். உயிர்கள்மாட்டு அருளாகவும், அவற்றை இயக்கும் இறைவன்மாட்டு அன்பாகவும் முதிரும் அறிவு பதிஞானத்திற்கு வாயிலாம். ஆதலின், பருவந்தோறும் ஏரிக்கரையும் வயலும் சென்று நோக்குதல் சைவநன்மக்கட்குத் தக்கதேயென்க.