வாசலில் ஒரு கேள்வி

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் சிலமலை. விடிவதற்கு முன்னரே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் இப்பகுதியில் வந்து நிற்கும். தூக்குவாளிகளோடு பெண்கள் ஏறிக்கொள்வர். போடிமெட்டு மலைப்பாதை வழியே எல்லை கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளில் காயெடுத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவர்.

2011 பிப்ரவரியில் அப்படித் திரும்பிய ஒரு தாயின் வாசலில் கணக்கெடுப்புக்காக வந்த ஆசிரியர் காத்திருந்தாராம். பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதிய பின், "மதம் என்னம்மா?" என்றார். சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். அதன்முன் சிறு விளக்கு. அத்தாய் படத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "இந்துன்னே எழுதிக்கிருங்க சார்" என்றார். ஆசிரியரும் எழுதிக்கொண்டார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

இதைக் கேட்ட நாள் முதல் ஒரு கேள்வி நம்மை விட்டகலவில்லை. அத்தாய் சொன்னது பொய்யா? பொய்யென்றால் அது யாருடைய பொய்?

படத்திலிருந்து மகளை நோக்கித் திரும்பிய அந்தப் பார்வைக்குள் நம் நாட்டுச் சட்ட வரலாற்றின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்துவிடப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் அது மூடியே கிடக்கிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆயினும் பட்டியல் சாதியினருக்குரிய இட ஒதுக்கீடும், தனித்தொகுதிகளில் போட்டியிடும் உரிமையும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் அவர்களுக்கு இல்லை. திருமுழுக்குப் பெறுகிறவர் பாவத்திலிருந்து விடுதலை அடைகிறார் என்பது நம் விசுவாசம். அதே வேளையில் அவர் சாதிக் கொடுமையிலிருந்தும் விடுதலை அடைந்துவிட்டதாகச் சட்டம் எண்ணிக்கொள்கிறது! இந்த இரண்டாவது விடுதலையை நம் சேரித் தெருக்களில் எவரேனும் கண்டதுண்டா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இந்த ஆணையையே பின்பற்றி வந்திருக்கிறது. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் கணக்கிட்டு வெளியிடும் வழக்கம் நின்றது. விடுதலைக்குப் பின் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே தனியே எண்ணப்பட்டனர். கிறித்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவரைப் பட்டியல் சாதியினராகப் பதியக் கணக்கெடுப்பாளருக்கு விதி இடந்தரவில்லை. ஆகவே தலித் கிறித்தவர் முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, தம் விசுவாசத்தை மறைப்பது. அல்லது தாம் படும் இழிவை மறைப்பது. எதைச் சொன்னாலும் பாதி உண்மைதான் ஏட்டில் ஏறும்.

இங்கே பேதுருவை நினையாதிருக்க இயலுமா? தலைமைக் குருவின் முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டிருந்தபோது, அவர் கலிலேயர் என்பதை அவருடைய பேச்சே காட்டிக்கொடுத்தது என்கிறது மத்தேயு நற்செய்தி. மொழி, இனம், சமயம் மூன்றும் ஒரே கேள்வியாக எழுந்தன. மூன்று முறையும் பேதுரு மறுதலித்தார். ஆனால் அவர் தம் உயிருக்கு அஞ்சினார். நம் தாயோ தம் மகளின் படிப்புக்கு அஞ்சினார். உயிர்த்த ஆண்டவர் பின்னர் கரையோரத்தில் பேதுருவைச் சந்தித்தபோது, மறுதலித்தது ஏன் என்று கேட்கவில்லை. அன்பு செய்கிறாயா என்றே மும்முறை கேட்டார். அச்சத்தால் தடுமாறிய எளியோரை நாம் நடத்த வேண்டிய முறை அதுவே அன்றோ?

நம் திருச்சபையின் ஒழுக்க மரபு பொய்யை ஒருபோதும் நியாயப்படுத்தியதில்லை. எனினும், உண்மையை அறியும் உரிமை இல்லாதவருக்கு அதை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவுபடுத்துகிறது. மௌனம் வேறு, பொய் வேறு. அப்படியானால், நம் சமயத்தையும் தாய்மொழியையும் சாதியையும் அறிந்துகொள்ள அரசுக்கு உரிமை உண்டா? இதுவே நாம் முதலில் தீர்க்க வேண்டிய வினா.

எண்ணுவதில் ஆபத்து உண்டு என்பதைத் திருவிவிலியம் அறியும். தாவீது அரசர் மக்களை எண்ணியதும் அதனால் நேர்ந்த கொள்ளைநோயும் சாமுவேல் இரண்டாம் நூலின் இறுதியில் கூறப்பட்டுள்ளன. மக்களைத் தம் படைவலிமையாகக் கண்ட அரசரின் செருக்கே அங்கே குற்றமாயிற்று. நம் காலத்துச் சான்றும் உண்டு. நெதர்லாந்தின் குடிப்பதிவேடுகளில் ஒவ்வொருவரின் சமயமும் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. யாரும் தீய நோக்கத்தோடு அதைத் தொடங்கவில்லை. நாட்டைக் கைப்பற்றிய நாத்சிகள் 1941-இல் யூதர்கள் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமென ஆணையிட்டனர். ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யூதர்களுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வேட்டையை எளிதாக்கிய அந்த ஏடுகளை அழிக்கவே, 1943 மார்ச்சு 27 அன்று ஆம்ஸ்டர்டாம் பதிவகத்திற்குத் துணிவுள்ள சிலர் தீ வைத்தனர். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட ஏடு யார் கையில் சேரும் என்பதை எழுதியவர் அறியார்.

ஆனால் எண்ணாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. இதற்கு நம் மலையே சாட்சி. 1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் யாருக்கு உரியவை என்ற வழக்கு வந்தபோது, அங்கே தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பதே பெரும் வாதமாயிற்று. அவர்களுள் பலர் பிழைப்புக்காக வந்து போகும் தோட்டத் தொழிலாளரே என்ற எதிர்வாதமும் எழுந்தது. 1956 நவம்பர் முதல் நாள் அவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அத்தீர்ப்பின் சரிதவறு இங்கே நம் ஆய்வுக்குரியதன்று. வந்து போகிறவர்கள் என்று கருதப்பட்டவர்களின் எண்ணிக்கை எவ்வளவு எளிதாக எடையிழக்கும் என்பதே நாம் காண வேண்டியது. ஏலக்காடு ஏறி இறங்கும் நம் பெண்கள் எந்த ஏட்டிலாவது முழுமையாக இடம்பெற வேண்டாமா?

தலித் கிறித்தவர் வழக்கில் இந்த உண்மை இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், கிறித்தவராய் இருப்பதால் தமக்கு அரசு உதவி மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1985-இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதன் கொடுமை கிறித்தவ சமூகத்துள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும். அதற்கு நம்பத்தக்க விரிவான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றது மன்றம். இந்த முரணை உற்று நோக்குவோம். உண்மையைச் சொன்னால் இழப்பு. அதனால் மக்கள் மறைக்கின்றனர். மறைப்பதால் கணக்கில் அவர்கள் இல்லை. கணக்கில் இல்லாததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் இழப்பு நீடிக்கிறது. சட்டம் தானே மறையச் செய்தவர்களைப் பார்த்து, "நீங்கள் எங்கே?" என்று கேட்கிறது.

2007-இல் ரங்கநாத் மிசுரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் ஆதிதிராவிடக் கிறித்தவருக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரிலோ, திருமுழுக்குப் பெற்றுத் திருச்சபை வாழ்வைப் பின்பற்றும் ஒருவர் சலுகைக்காக மட்டும் தம்மை இந்து என்று கூறுவது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடியாகும் என்று உச்சநீதிமன்றம் கடிந்துரைத்தது. சட்டத்தின் கண்ணில் அச்சொல் பொருந்தலாம். ஆனால் உண்மைக்கு விலை வைத்தவரைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாமா? செல்வர் இலவசமாகச் சொல்லும் உண்மையை ஏழை தன் பிள்ளையின் எதிர்காலத்தை ஈடுவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் நம் மக்கள் என்ன செய்ய வேண்டும்? சாதிச் சான்றிதழும் மக்கள்தொகைக் கணக்கும் ஒன்றல்ல என்பதை முதலில் அறிவது நன்று. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தாம் அறிந்த அளவிலும் நம்பும் அளவிலும் உண்மையாய் விடையளிக்கும் கடமையை நமக்கு விதிக்கிறது. வழக்கப்படி கணவர் பெயரைச் சொல்லாத பெண்ணை அப்பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்ற விலக்கும் அச்சட்டத்தில் உண்டு. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் எழுதப்பட்ட தனிமனிதர் விவரங்களைப் பிறர் பார்வையிடவோ, வழக்குகளில் சான்றாகக் காட்டவோ தடை விதிக்கிறது. இதை நம் பங்குகளில் எத்தனை பேர் அறிவர்? அறியாததால் வரும் அச்சம் பெரிது. கேட்க வருபவர் உள்ளூர் ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருக்கும்போது அவ்வச்சம் இரட்டிப்பாவதும் இயல்பே.

2027 மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் குறித்து 2025 ஜூன் 16 அன்று அரசு அறிவிப்பு வெளியிட்டது. இக்கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அதற்கு முன்னரே, 2025 ஏப்ரல் 30 அன்று அறிவிக்கப்பட்டது. கிறிஸ்துவில் வேற்றுமை இல்லை என்று கற்பிக்கும் நாம் சாதியின் பெயரைச் சொல்லலாமா என்று நல்லெண்ணமுடைய சிலர் கேட்கின்றனர். உயர்ந்த கேள்விதான். ஆயினும் புண்ணை மருத்துவரிடம் காட்டுவது புண்ணைப் போற்றுவதாகாது. கல்லறைத் தோட்டத்தில் இடைச்சுவர் நிற்கும் வரை, தேர்ப்பவனி சில தெருக்களுக்குள் நுழையாதிருக்கும் வரை, ஏட்டில் மட்டும் சாதியை அழிப்பது யாருக்கு உதவும்? இறந்தவரையும் பிரித்துப் புதைத்துவிட்டு, "எங்களிடம் சாதி இல்லை" என்று எழுதித் தருவதே மெய்யான பொய்.

ஆகவே கடமை இரு பக்கமும் உண்டு. கேட்கப்படுவோர் தம் சமயத்தையும் நிலையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். வீட்டார் சொல்லாத ஒன்றைக் கணக்கெடுப்பாளர் தாமாக எழுதிவிட அவர்கள் இடந்தரவும் கூடாது. உண்மை சொன்னவர் அதற்காக இழப்படையாத சட்டத்தை ஆக்குவது அரசின் கடன். அதற்காகக் குரல் கொடுப்பதும், முதலில் தன் முற்றத்தில் உள்ள சுவரை இடிப்பதும் திருச்சபையின் கடன். இவற்றைச் செய்யாமல் ஏழைத் தாயிடம் மட்டும் வீரத்தை எதிர்பார்ப்பது அறமாகாது.

அகுஸ்து சீசர் எடுத்த கணக்கின்போதுதான் நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறந்தார் என்கிறார் லூக்கா. அரசின் ஏட்டுக்காகப் பயணம் செய்து, தங்க இடமில்லாமல் நின்ற ஏழைக் குடும்பத்தில் கடவுள் தம்மையும் ஒருவராக எண்ணவிட்டார். சிலமலைத் தாயின் வாசலில் அடுத்த முறை அக்கேள்வி எழும்போது, அவர் சுவரிலுள்ள படத்தைப் பார்த்தபடியே, மகளை நினைத்து அஞ்சாமல் விடை சொல்லும் நிலை வர வேண்டும். அதற்கு இடையில் எஞ்சியிருக்கும் நாள்களில் நாம் என்ன செய்யப் போகிறோம்?