கை ஓரிடம், மனம் ஓரிடம்

சேக்கிழார் பாடிய 63 நாயன்மார்களில் நேச நாயனார் ஒரு நெசவாளர். மனத்தைச் சிவன் திருவடிக்கும், நாவை ஐந்தெழுத்துக்கும், கையை அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்யவும் கொடுத்தவர். இந்தப் பங்கீட்டோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கைவேலைக்கு மனம் வேண்டாமா?

தலையணை உறையில் சங்கிலித் தையல் போடும்போது, கொஞ்சம் இறுக்கினால் துணி சுருங்கும்; தளர்த்தினால் வளையம் தொங்கும். அந்நேரம் என் வாயில் மந்திரம் நிற்பதில்லை. மாமியாருக்கோ நின்றது. கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே ரவிக்கைக்குக் கொக்கி தைப்பார். ஒரு பிசிறு இராது. கைக்குப் பழகிவிட்டால் மனம் விடுபடும் போலும். நாயனாருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மாவடு வேறு வகை. கழுவித் துடைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி, கல் உப்பு, மஞ்சள், மிளகாய், கடுகுப் பொடியோடு ஜாடியில் போட்டுவிட்டால் அதற்குமேல் வேலை உப்பினுடையது. அது காயின் நீரை வெளியே இழுக்கும்; வடு சுருங்கும். என் பங்கு தினம் ஒரு குலுக்கல். பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. தயிர்சாதத்தை நினைக்காமல் மாவடு போட என்னால் ஆகாது. ஆனால் உப்பை அவசரப்படுத்தவும் முடியாது. காத்திருக்கத் தெரிந்த ஆசையையும் பற்று என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காந்தி இராட்டையில் நூற்பதை வேள்வி என்றார். ஊசியையும் ஜாடியையும் மட்டும் அந்த வேள்விக்கு வெளியே நிறுத்த நான் ஒப்பமாட்டேன்.