மன்னிக்காத பணம்

பிட்காயின் வைத்திருப்பவரிடம் உண்மையில் பிட்காயின் இருப்பதில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் ‘ஆரம்பிச்சிட்டான்டா’ என்று சிரிக்கிறார்கள். இதில் தத்துவம் எதுவும் இல்லை, வெறும் தொழில்நுட்பத் தகவல்தான். யாருக்கு எவ்வளவு என்ற பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் கிடக்கிறது. என் போனிலோ, பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சின்னக் கருவியிலோ இருப்பது காசு அல்ல, ஒரு ரகசிய எண். 78 இலக்கங்கள் வரை நீளக்கூடியது. மனிதனால் அதை எழுதி வைப்பதே கஷ்டம் என்பதால் 2013-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியல், அதிலிருந்து 12 அல்லது 24 சொற்கள், குறிப்பிட்ட வரிசையில். கருவி உடைந்தாலும், தொலைந்தாலும், அந்தச் சொற்கள் இருந்தால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். சொற்கள் போனால் எல்லாம் போச்சு. அந்தச் சொற்களைத் தெரிந்தவர் எவரோ அவரே உரிமையாளர்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொஞ்ச நாளாகத் தொந்தரவு செய்கிறது. நாம் பழகிய உடைமை அப்படி இல்லை. ஒரு வயல் இன்னாருடையது என்பதற்குப் பட்டா மட்டும் சாட்சியில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சாட்சி, தண்ணீர் பாய்ச்சுபவர் சாட்சி, ஊரே சாட்சி. பத்திரம் எரிந்துபோனாலும் ‘அது அவங்க வயலுதான்’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பிட்காயினிலும் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஆயிரக்கணக்கான கணினிகள்தான் அந்த ஊர். ஆனால் அந்த ஊர் சாவியை மட்டும்தான் அடையாளம் காணும். என் முகத்தை அதற்குத் தெரியாது. திருடன் கையில் சாவி இருந்தால் அவனுக்கும் அதே மரியாதையோடு கதவைத் திறக்கும்.

*

ஏன் இப்படி ஒன்றை உருவாக்கினார்கள் என்பது புரியாத விஷயமில்லை. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ அந்த ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டபோது உலகின் பெரிய வங்கிகள் சரிந்துகொண்டிருந்தன. 2009 ஜனவரி 3-ஆம் தேதியிட்ட முதல் தொகுதிக்குள், பிரிட்டனில் வங்கிகளுக்கு இரண்டாவது முறையாக அரசு கைகொடுக்கப்போவதைப் பற்றிய லண்டன் டைம்ஸ் தலைப்புச் செய்தி பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. நம்பி ஒப்படைத்தவர்கள் ஏமாந்தார்கள், எனவே நம்பிக்கையே தேவைப்படாத ஒரு பணம் வேண்டும். இதுதான் அதன் பிறப்பு ஜாதகம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யாரையும் நம்பவேண்டாம் என்று வந்த பணத்தை மக்கள் உடனே இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டோக்கியோவில் இருந்த மவுன்ட் காக்ஸ் என்ற பரிவர்த்தனை நிறுவனம் 2014 பிப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றது. அதில் ஏறக்குறைய 2,00,000 பிறகு ஒரு பழைய கணக்கில் அகப்பட்டன. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தது, அதன் நிறுவனருக்கு 25 ஆண்டு சிறை. 2024 ஜூலையில் நம் நாட்டின் வாசிர்எக்ஸில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவுபோனது. களவுபோன பெட்டகம் பலரின் கையொப்பம் இருந்தால்தான் திறக்கும் வகையைச் சேர்ந்தது. கையொப்பமிட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் ஒப்பமிட்டது வேறொன்று என்று நிறுவனமே விளக்கம் சொன்னது. கணக்கு வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் பணத்தை எடுக்க முடியாமல் திரையில் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் இந்தத் துறையில் பழுத்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: சாவி உன்னிடம் இல்லையென்றால் காசும் உன்னுடையதில்லை.

*

என்னிடம் இருப்பது பெரிய தொகை இல்லை. நல்ல பைக் ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான். இருந்தாலும் சாவியை நானே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தபோது ஒரு புது ஒழுக்கத்துக்குள் நுழைந்ததுபோல இருந்தது. கருவியைத் தயாரிப்பாளரிடமிருந்தே நேரடியாக வாங்கு. செகண்ட் ஹேண்ட் வேண்டாம். சொற்களைக் கருவி உருவாக்க வேண்டும். டப்பாவுக்குள் ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த சொற்கள் இருந்தால் அது பொறி. சொற்களைக் காகிதத்தில் எழுது, போட்டோ எடுக்காதே, மெயிலில் அனுப்பாதே, கிளவுடில் போடாதே. பணத்தைப் போடும் முன்னாடியே கருவியைத் துடைத்து அழித்துவிட்டு, எழுதிவைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பார். முகவரியைக் காப்பி செய்து ஒட்டும்போது இடையிலேயே அதை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. எனவே முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்த்தால் போதாது, நடுவிலும் பார். முதலில் சின்னத் தொகையை அனுப்பு, வந்து சேர்ந்ததா என்று பார், பிறகு மிச்சத்தை அனுப்பு. கஸ்டமர் கேர் என்று சொல்லிக்கொண்டு யார் அந்தச் சொற்களைக் கேட்டாலும் அவர் திருடர். இதில் விதிவிலக்கே கிடையாது.

வாங்கி விற்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அதைப் பலர் தொழில்நுட்பக் கேள்வியாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது அறக் கேள்வி. முன்பின் தெரியாத ஒருவருக்கு நேரடியாகக் காசை விற்று, அவர் யூபிஐ-யில் அனுப்பும் ரூபாயை வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அந்த ரூபாய் எங்கோ ஒரு முதியவரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பறித்ததாக இருக்கலாம். புகார் போனதும் பணம் போன தடத்தைப் பிடித்துப் போலீஸ் வரும், விற்றவரின் வங்கிக் கணக்கு முடங்கும். ‘நான் நியாயமா வித்தேன், எனக்கெதுக்கு இந்தத் தண்டனை?’ என்ற புலம்பலை நிறையக் கேட்டிருக்கிறேன். புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் அதிக விலைக்கு, ஆளைக் கேட்காமல் விற்கும்போது அந்த அதிக விலை எதற்காகத் தரப்படுகிறது என்று யோசிக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். 30 சதவீத வரியும் 1 சதவீதப் பிடித்தமும் கசந்தாலும், ஆள் அடையாளம் கேட்கும் இடத்தில் விற்பதையே நான் பாதுகாப்பு என்கிறேன். அது என் பணத்துக்கு மட்டுமான பாதுகாப்பு அல்ல.

*

இத்தனை ஒழுக்கத்தையும் கடைப்பிடித்த பிறகு மிஞ்சுவது ஒரு விநோதமான தனிமை. தவறே செய்யக்கூடாத தனிமை.

வேல்ஸில் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஒருவரின் ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பைக்குப் போனது. அதில் சுமார் 8,000 பிட்காயின்களுக்கான சாவி. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமர் 7,002 பிட்காயின்களின் சாவியைப் பூட்டிவைத்த கருவியின் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். பத்து முறை தவறினால் அது உள்ளே இருப்பதை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை முயன்று தோற்ற நிலையில் அவர் கதை 2021-ல் செய்தியானது. இருவரும் முட்டாள்கள் இல்லை, மறதி உள்ள மனிதர்கள்.

வங்கியில் நாம் வெறுப்பதெல்லாம் என்ன? படிவம், வரிசை, ‘மேனேஜர் சீட்ல இல்ல’, மூன்று இடத்தில் கையெழுத்து. ஆனால் அந்தத் தொல்லைகளுக்கு நடுவே ஒரு கருணையும் இருக்கிறது. பாஸ்புக் தொலைந்தால் இன்னொன்று கிடைக்கும். கையெழுத்து மாறிவிட்டால் புதிதாகப் போட்டுக் கொடுக்கலாம். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று திரையில் வரும் அந்தக் கேள்வியை நாம் ஒருபோதும் மன்னிப்பாகப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீ மறப்பாய், அது சகஜம், வா பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அமைப்பு நம்மிடம் சொல்கிறது. பிட்காயின் அதைச் சொல்லாது. அது கெட்டது என்பதால் அல்ல. மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பறிக்கும் அதிகாரமும் இருக்கும் என்று அது கண்டுகொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே ஒழித்துவிட்டது.

அந்த ஒழிப்பு சிலருக்குப் பெரிய விடுதலை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் ரோயா மஹ்பூப் என்ற தொழில்முனைவோர் தன்னோடு பணிபுரிந்த பெண்களுக்குப் பிட்காயினில் ஊதியம் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். இது நமக்கு அந்நியக் கதையா? கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பணம் வைத்த பெண்கள் இங்கே எத்தனை பேர்! 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, வீட்டுக்கு வீடு அந்தச் சிறுவாடு வெளியே வந்தது. கணவர்கள் கேலி செய்தார்கள், ‘இவ்ளோ வச்சிருந்தியா?’ என்றார்கள். அந்தப் பெண்கள் இழந்தது பணத்தை அல்ல, நோட்டை மாற்றிக்கொண்டார்கள். இழந்தது ரகசியத்தை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பணம் என்பது அதிகாரம் இல்லாதவர்களுக்கு ஒரு குட்டி அறை மாதிரி. அந்த அறைக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்பதில் அறப்பிழை எதுவும் இல்லை.

*

ஆனால் அந்த அறையின் சாவியோடு நான் செத்துப்போனால்?

என் அப்பா விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 2019-ல் திடீரென்று போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா கடை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கையெழுத்து அவருக்கே சில நாள் புரியாது. பாதி பெயர்கள் சுருக்கம், சில வரிகளில் தொகை மட்டும். நோட்டை வைத்து வசூலானது கொஞ்சம். ஆனால் நோட்டில் இல்லாத இரண்டு பேர் அவர்களாகவே வந்தார்கள். ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “அண்ணாச்சிகிட்ட கைமாத்தா பன்னண்டாயிரம் வாங்கியிருந்தேன் அக்கா, எழுதியிருக்க மாட்டாரு” என்று பணத்தை வைத்தார். கொடுக்காமல் போனவர்களும் இருப்பார்கள், அது எங்களுக்குத் தெரியவே போவதில்லை. அப்பாவின் செல்வத்தில் ஒரு பகுதி மற்றவர்களின் ஞாபகத்தில் இருந்தது. நம்பிக்கை என்பது ஓட்டை உள்ள பானைதான். ஆனால் அந்த ஓட்டை வழியாகச் சில சமயம் உள்ளேயும் தண்ணீர் வருகிறது.

பிட்காயின் பேரேடு அப்பாவின் நோட்டைவிட ஆயிரம் மடங்கு துல்லியம். 2009-லிருந்து நடந்த ஒரு பரிமாற்றத்தைக்கூட அது மறக்கவில்லை. ஆனால் திண்ணைக்கு வந்து உட்கார அதற்கு ஆள் கிடையாது. நான் இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கியபோது அவள் முழுசாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சரிப்பா. உனக்கு ஒண்ணுன்னா நாங்க யாருகிட்ட போய் கேக்குறது?”

எந்தப் பாதுகாப்புக் கையேட்டையும்விடச் சரியான கேள்வி அது. பாதுகாப்பு என்றால் அந்நியர் கைக்குப் போகாமல் இருப்பது மட்டுமல்ல. உரியவர் கைக்குப் போய்ச் சேருவதும் பாதுகாப்புதான். முதலாவதை மட்டும் முழுமையாகச் செய்தால் அது புதைப்பது.

*

வரலாற்றில் முதன்முதலாகப் பிட்காயினைப் பெற்றுக்கொண்டவர் ஹால் ஃபின்னி. 2009 ஜனவரி 12 அன்று சதோஷி அவருக்கு 10 பிட்காயின்களை அனுப்பினார். தனிமனித ரகசியத்துக்காகவும் குறியாக்கத்துக்காகவும் வாழ்நாள் முழுக்க உழைத்தவர் அவர். அதே ஆண்டில் உடலைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய் அவருக்கு இருப்பது தெரிந்தது. 2013-ல், கண் அசைவைக் கொண்டு எழுதும் நிலையில், தன் பிட்காயின்களைப் பற்றி எழுதினார். அவற்றை வாரிசுகளுக்காகப் பாதுகாப்புப் பெட்டக லாக்கரில் வைத்திருப்பதாகவும், மகனுக்கும் மகளுக்கும் தொழில்நுட்பம் தெரியும் என்பதால் அது போதும் என்று நினைப்பதாகவும் சொன்னார். அடுத்த ஆண்டு காலமானார். யாரையும் நம்பத் தேவையில்லாத பணத்தின் முதல் பயனாளி கடைசியில் சாய்ந்தது ஒரு லாக்கர் மீதும் இரண்டு பிள்ளைகள் மீதும். இதை நான் அந்தத் தத்துவத்தின் தோல்வியாகப் பார்க்கவில்லை. அதன் முதிர்ச்சியாகவே பார்க்கிறேன்.

நம்பிக்கையை ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். சாவியை நானே வைத்திருக்கும்போதும் கருவி செய்தவரை நம்புகிறேன், மென்பொருள் எழுதியவரை நம்புகிறேன், காகிதத்தைக் கரையான் அரிக்காது என்று நம்புகிறேன், எல்லாவற்றுக்கும் மேலாக நாளைய என்னை நம்புகிறேன். அந்த ஆள்தான் இருப்பதிலேயே ஆபத்தானவன். எனவே யாரையும் நம்பாமல் இருப்பது எப்படி என்ற கேள்வியை விட்டுவிட்டேன். எவரையும் முழுசாக நம்ப வேண்டியிராமல், பலரைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்புவது எப்படி என்று கேட்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிட்காயினுக்குள்ளேயே விடை இருக்கிறது. மூன்று சாவிகள், அவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். ஒன்று என்னிடம். ஒன்று தங்கையிடம். ஒன்று வங்கி லாக்கரில், அம்மா பெயரையும் சேர்த்து. ஒன்று தொலைந்தால் மற்ற இரண்டும் காப்பாற்றும், ஒன்று திருடுபோனால் திருடனுக்கு அது வெறும் தகரம். மூன்று சாவிகளும் சேர்ந்ததுதான் இந்தப் பெட்டகம் என்ற விவரக் குறிப்பின் நகலும் மூன்று இடத்திலும் இருக்க வேண்டும், அது இல்லாமல் மீட்பது கடினம். சின்னத் தொகைக்கு இவ்வளவு வேண்டாம் என்பவர்கள் பன்னிரண்டு சொற்களையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, உறை எங்கே இருக்கிறது என்று ஒரே ஒருவரிடம் சொன்னால்கூடப் போதும்.

ஆனால் சொல்லத்தான் வேண்டும். யாரிடம் என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பட்டியல் இரண்டு பெயர்களைத் தாண்டவில்லை. 21 மில்லியனுக்கு மேல் பிட்காயின் உருவாகாது என்பதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு என்கிறார்கள். அதைவிட அரிதான ஒன்றைத்தான் நாம் முதலில் சேமிக்க வேண்டியிருக்கிறது.