சாய்சதுரமும் கேடயமும்

2024 ஜூன் 7 அன்று அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் சப் லெப்டினென்ட் அனாமிகா பி. ராஜீவ் தன் சீருடையில் தங்கநிறச் சிறகுகளைப் பெற்றார். இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அவர். உடன் பயிற்சி முடித்த ஆண்கள் பெற்றதும் அதே சிறகுதான்.

இங்கே லோயர் கேம்ப்பில், என்.டி.ஏ. தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, பொம்பளைங்களுக்குன்னு தனியா விங்ஸ் இருக்கா?" இல்லை என்றேன். ஆனால் ஒரு காலத்தில் வேறொரு நாட்டில் இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ விமானங்களை ஓட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பயிற்சி பெற்றார்கள். 'வாஸ்ப்' என்பது அவர்கள் அமைப்பின் பெயர். ஆண் விமானியின் சிறகுகளுக்கு நடுவே கேடயம் இருந்தது. இவர்களுக்குத் தரப்பட்ட அதிகாரபூர்வச் சின்னத்தில் அந்த இடத்தில் ஒரு சாய்சதுரம். ஐரோப்பியக் குலச்சின்ன மரபில் கேடயம் போர்வீரனுக்கு, சாய்சதுரம் பெண்ணுக்கு. பணியில் 38 பேர் இறந்தார்கள். சட்டப்படி அவர்கள் ராணுவத்தினர் அல்ல என்பதால் சவப்பெட்டிமேல் தேசியக்கொடி போர்த்த உரிமையில்லை. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் காசு சேர்த்தார்கள். முன்னாள் படையினர் என்ற தகுதி 1977இல்தான் கிடைத்தது.

சிறகு என்பது ஒரு சாட்சியம். இவருக்கு இது தெரியும், சோதித்துப் பார்த்துவிட்டோம், இனி யாரும் கேட்க வேண்டாம் என்று ஒரு நிறுவனம் ஊரறியச் சொல்வது. பிரிட்டிஷ் மரபில் விமானிக்கு இரட்டைச் சிறகு, வழி கணிக்கும் நேவிகேட்டருக்கு 'என்' எழுத்துடன் ஒற்றைச் சிறகு. வேலை வேறு, சின்னம் வேறு. அதில் எனக்குக் குறையில்லை. ஒரே வேலைக்கு உடலைப் பார்த்துச் சின்னம் மாறும்போது சாட்சியம் பாதியில் நின்றுவிடுகிறது.

சின்னம் ஒன்றாகிவிட்டால் போதுமா? ஹரிதா கவுர் தியோல் 1994இல் ஆவ்ரோ விமானத்தைத் தனியே ஓட்டினார். அந்தத் தலைமுறைப் பெண்களின் இடது மார்பில் இருந்தது ஆண்களின் அதே சிறகு. ஆனால் அவர்களுக்குப் போக்குவரத்து விமானமும் ஹெலிகாப்டரும் மட்டும்தான். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016இல் துண்டிகலில் போர்விமானப் பிரிவுக்குத் தேர்ச்சி பெற்று வெளிவரும்வரை 22 ஆண்டுகள், ஒரே சிறகுக்கு இரண்டு வானம்.

போர்விமானம் ஓட்டுவதில் என்ன விடுதலை என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்கும் குண்டு போடுவதில் பெருமை இல்லை. ஆனால் மாட்டேன் என்று ஒருத்தி சொல்வதற்கும், உன்னால் ஆகாது என்று அவளிடம் சொல்வதற்கும் உள்ள தூரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1955இல் விமானப்படையில் சேர்ந்த முதல் பெண் அதிகாரி சென்னையைச் சேர்ந்த மருத்துவர் விஜயலட்சுமி ரமணன். விங் கமாண்டர் வரை உயர்ந்தார். பதவியின் பெயரிலேயே சிறகு. மருத்துவர் என்பதால் மார்பில் இல்லை. (பெண்களுக்கென்று சீருடையே இல்லாத காலம். விமானப்படை நீலத்தில் சேலை கட்டினார்.)

குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் எங்கள் ஊர் வழியாகத்தான் ஏறுகின்றன. ஓட்டுகிறவருக்கு 'லைசென்ஸ்' உண்டு. எந்தக் காயை இன்று எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது என்று பார்த்த மாத்திரத்தில் அறிகிற பெண்களுக்கு எந்தச் சாட்சியமும் கிடையாது. கூலி வாங்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

என்.டி.ஏ. வழியாக விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் அடம்பிடித்து அந்தக் குரூப் வாங்கினாள். அவளுடைய அக்காவை, கணக்கில் நல்ல மார்க் இருந்தும், 'பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்' என்று காமர்ஸில் சேர்த்தார்கள். தம்பிக்கு ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு, இந்த வருஷம் அவர்கள் அப்பா மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கினார்.