விண்ணிலும் ஓயாத வேண்டுதல்

யோபு நூலின் இறுதி அதிகாரத்தில் சிந்தனைக்குரிய ஒரு நிகழ்ச்சி வருகிறது. சாம்பலில் அமர்ந்து துன்புற்ற யோபுவை, அவர் செய்த பாவமே இத்துயருக்குக் காரணம் என்று சொல்லால் வாட்டிய மூன்று நண்பர்கள்மீது இறைவன் சினம் கொள்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கிடாய்களையும் எடுத்துக்கொண்டு யோபுவிடம் செல்லுமாறு பணிக்கிறார். யோபு அவர்களுக்காக மன்றாடுவார், அம்மன்றாட்டைத் தாம் ஏற்பதாகவும் கூறுகிறார். மன்னிக்கத் திருவுளம் கொண்டவர் நேராகவே மன்னித்திருக்கலாமே! இடையில் யோபு எதற்கு? யாரை நோகச் செய்தார்களோ, அவருடைய உள்ளத்திலிருந்தே அவர்களுக்கான வேண்டுதல் எழ வேண்டும் என்று இறைவன் விரும்பினார் போலும். அந்த மன்றாட்டுக்குப் பிறகே யோபுவின் வாழ்வும் மீண்டும் தளிர்க்கிறது.

கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் இயேசு கிறிஸ்து ஒருவரே என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் கூறுகிறது. புனிதரின் பரிந்துரையை மறுப்போர் இதனையே முதலில் காட்டுவர். ஆயின் அதே அதிகாரம், எல்லோருக்காகவும் பரிந்து மன்றாடுமாறு கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. ஒருவருக்காக மற்றவர் வேண்டுவது அந்த ஒருவரின் இடத்தைப் பறிப்பதாகாது என்பது இதனால் தெளிவு.

வாழ்வோர் வேண்டலாம், இறந்தோர்? இங்குதான் வினா கடினமாகிறது. ஆபிரகாமின் கடவுள் வாழ்வோரின் கடவுளே என்று இயேசு கூறியதை மாற்கு பதிவு செய்துள்ளார். திருவெளிப்பாட்டின் 5-ஆம் அதிகாரத்தில் இருபத்து நான்கு மூப்பர் ஏந்தும் பொற்கிண்ணங்களில் உள்ள நறுமணப் புகைப்பொருள், இறைமக்களின் வேண்டுதல்களே. மண்ணில் எழும் மன்றாட்டு விண்ணவர் கைகளில் இருப்பதை இக்காட்சி உணர்த்துகிறது. எனினும், புனிதரை நோக்கி நாம் குரல் எழுப்ப வேண்டும் என்னும் வெளிப்படையான கட்டளை விவிலியத்தில் இல்லை. நேர்மையாக நோக்குவோர் இதனையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீர்திருத்த மரபினர் தடுத்ததும் இதனையே. 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, புனிதரை நினைவுகூர இசைந்து, அவர்களை அழைத்து உதவி வேண்டுவதை மறுத்தது. அவ்வறிக்கைக்காக மெலாங்தன் எழுதிய விளக்கமோ, விண்ணிலுள்ள புனிதர் திருச்சபைக்காகப் பொதுவாக வேண்டுவதை மறுக்கவில்லை. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம், அவர்களை அழைப்பது நன்று, பயனுடையது என்று போதித்தது. வழக்கமோ இவ்விவாதங்களுக்கெல்லாம் மிக முந்தியது. உரோமை நகரின் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறையில், பேதுருவையும் பவுலையும் தமக்காக மன்றாடக் கேட்டு எளிய மக்கள் சுவரில் கீறிய வரிகள் இன்றும் உள்ளன.

மெலாங்தன் அங்கே குறிப்பிட்ட சான்று, மக்கபேயர் இரண்டாம் நூலின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் கனவு. இந்நூலைக் கத்தோலிக்கர் திருமறையாக ஏற்பர். சீர்திருத்தச் சபையினர் அவ்வாறு ஏற்பதில்லை. போருக்கு முன் யூதா மக்கபே காணும் அக்கனவில், முன்னாள் தலைமைக் குரு ஓனியா, நரைமுடியும் மாட்சியும் கொண்ட ஒருவரைக் காட்டி, மக்களுக்காகவும் திருநகருக்காகவும் மிகுதியாக வேண்டுபவர் இவரே என்கிறார். அவர் இறைவாக்கினர் எரேமியா. மண்ணில் வாழ்ந்த நாளில், இம்மக்களுக்காக நீ மன்றாட வேண்டாம் என்று இறைவனால் மும்முறை தடுக்கப்பட்டவர் அவர்.