யானையின் நன்றி

‘நல்ல நேரம்’ படத்தைக் கிண்டல் செய்வது சுலபம். சிறுவயதில் அதைப் பார்த்து அழுதவன் நான். சென்ற மாதம் திரும்பப் பார்த்தபோதும் சில இடங்களில் தொண்டை அடைத்தது. இந்த அழுகைக்கு என்ன மதிப்பு என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சின்னப்பா தேவர் இந்தக் கதையை மூன்று முறை எடுத்தார். 1967-இல் வந்த ‘தெய்வச்செயல்’ ஓடவில்லை. 1971-இல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’, 1972-இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’. பின்னிரண்டையும் இயக்கியவர் எம்.ஏ. திருமுகம். இரண்டும் வெற்றி. சிறுவன் ராஜுவை யானைகள் சிறுத்தையிடமிருந்து காப்பாற்றுகின்றன. வளர்ந்து, சொத்தை இழந்து அவன் தெருவுக்கு வந்ததும் வித்தை காட்டிச் சோறு போடுகின்றன. இந்திப் படத்தின் முடிவில் யானை அவனுக்கான குண்டைத் தான் வாங்கிச் சாகிறது.

கவனித்தால், யானை எந்நேரமும் எதையோ திருப்பிக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அன்புக்கு உழைப்பு, சோற்றுக்கு உயிர். அது பாக்கி வைப்பதே இல்லை. நாம் அழுவது ஒரு நல்ல வேலைக்காரனின் சாவுக்காக. யானை என்கிற காட்டு உயிர் படத்தில் இல்லை.

அதை யானையாகப் பார்ப்பவர் ஒருவர்தான்: ராஜுவின் மனைவி. குழந்தைக்கு ஆபத்து வரும் என்று பயப்படுகிறாள்; நாங்களா, யானைகளா என்று கேட்கிறாள். கதை முழுவதும் அவள் பயத்தைப் பொய்யாக்குவதற்கென்றே பின்னப்பட்டிருக்கிறது. தியேட்டரில் நாம் எல்லோரும் ராஜு பக்கம். அந்தப் பயம் நியாயமானதாக இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

எங்கள் மாவட்டத்தில் அந்தப் பயத்துக்கு நிலமும் பட்டாவும் உண்டு. 2023 மார்ச் 7-ஆம் தேதி மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க ஒருவர் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மிஞ்சின. ஊரே அந்த விவசாயியைச் சபித்தது. நானும் சபித்தேன். ராஜுவின் யானைக்கு அழுத அதே தொண்டையால்.

சில மாதம் கழித்து, பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர் பயிர்க்கடனைப் புதுப்பிக்க என் கவுண்ட்டருக்கு வந்தார். ராகி அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் யானை இறங்கிவிட்டதாம். “அதுங்க மேல கோவம் இல்லீங்க சார். வரப்பும் வேலியும் அதுக்குத் தெரியுமா? ஆனா நான் ஒருத்தன்தானா அதுக்குச் சோறு போடணும்?” என்றார். நான் வட்டியைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

அதே 2023 மார்ச்சில்தான் ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதில் தோன்றிய முதுமலைப் பொம்மன் அந்தச் சமயம் எங்கள் மாவட்டத்தில் இருந்தார். பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்கும் வேலை. அது பலிக்கவில்லை. தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மாதக் கடைசியில் குட்டி இறந்துவிட்டது. அது யாரையும் காப்பாற்றவில்லை. யாருக்கும் வித்தை காட்டவில்லை. இருந்தும் அதற்காகத் தூக்கம் கெட்ட மனிதர்கள் இருந்தார்கள். திரும்பி எதுவும் வராது என்று தெரிந்தே செய்த காரியம் அது. தேவரின் மூன்று படங்களிலும் இதற்கு இடமில்லை.

நன்றிக்கு நன்றி என்பது ஒப்பந்தம். அறத்தின் கேள்வி, நமக்கு எதுவும் தராத, சில சமயம் நம்முடையதைத் தின்றும் விடுகிற உயிரின் முன்னால்தான் எழுகிறது. ஆனால் அதைத் தனியாக எதிர்கொள்கிறவன் காட்டோரத்தில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவன். நகரத்தில் அழுகிறவன் வயலை யானை மிதிப்பதில்லை. அந்த நஷ்டத்தில் பங்கு ஏற்காதவரை அவன் யானைப் பாசம் அடுத்தவன் செலவில் நடக்கிற ஆடம்பரம்.

மின்வேலியை இது நியாயப்படுத்தாது. அது கொலைதான். ஆனால் வேலி போட்டவனைச் சபிக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதில் இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. ‘நல்ல நேர’த்தைத் திரும்பப் பார்த்தபோது, முதல் முறையாக, ராஜுவின் மனைவி பேசுகையில் காது கொடுத்துக் கேட்டேன்.